நடைப்புத்தகத்துக்குப் பயன் சொன்னவள்

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவளுக்குச் சனிக்கிழமை சாமான் வாங்குவதிலும் உடுப்புத் தோய்ப்பதிலும் போய்விடும். மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் நடந்து தொலைக்கிறாளே என்று லண்டன் நோர்பரியில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கல்யாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று லண்டன் தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலுக்கா பஞ்சம்? நானும் என் கணவரும் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டி, முதுகில் பையோடு ஸ்டேஷனுக்குப் போவதைக் கண்டால் சந்தியில் இருக்கும் தமிழ்க்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிடுவார். "ஊரிலை இடம்பெயர்ந்து நடந்தது காணாதெண்டோ இஞ்சையும் நடக்கிறியள்?" என்று கேட்பார். அவருக்கு ஒரு நல்ல பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடைப் பைத்தியம் என் கணவருடையது. ஜேர்மனியில் பிடித்தது. அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. ஞாயிறானால் கடைகள் எல்லாம் பூட்டு. அந்தச் சிறிய நகரத்துச் சனம் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பக்கம் நடக்கப் போகும். இவரும் பின்னால் போயிருக்கிறார். "காட்டுக்கை நடக்கிறதுக்கு மட்டும் ஒருத்தரும் விசா கேக்கேல்லை" என்பார். பிறகு அங்கே குடியுரிமை கிடைத்தது, நான் போய்ச் சேர்ந்தேன், மகள் பிறந்தாள். அவளை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தபோது, தன் தொழிலான ரைல்ஸ் ஓடு பதிக்கிற சாமான்களோடு அந்தப் பைத்தியத்தையும் கட்டிக்கொண்டு வந்தார். கிழமை முழுக்க மற்றவர்களின் குளியலறைகளில் முழங்காலில் நிற்கிற மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை நடந்தால்தான் கால் தன்னுடையது என்று தெரிகிறதாம்.

என்னுடையது புத்தகப் பைத்தியம். பஸ்ஸில் வாசிப்பேன். வேலையில் உருளைக்கிழங்கு அவியும் நேரத்தில் வாசித்துச் சமையலறைப் பொறுப்பாளியிடம் ஏச்சு வாங்குவேன். பழைய சாமான் விற்கும் தருமக்கடைகளில் மற்றப் பெண்கள் உடுப்புப் பக்கம் போக நான் மூலையில் இருக்கும் புத்தகத் தட்டுக்குப் போய்க் குந்திவிடுவேன். தமிழ், இங்கிலீஷ் என்ற பேதமில்லை. விளங்காததையும் வாசிப்பேன். அச்சில் இருந்தால் போதும்.

அப்படி ஒரு கடையில் கிடைத்ததுதான் அந்த நடைப்புத்தகம். லண்டனைச் சுற்றியுள்ள நாட்டுப்புறங்களில் எங்கே ரயிலால் இறங்கி, எந்த வயலால் ஏறி, எந்தக் காட்டால் இறங்கி, எந்த ஸ்டேஷனில் முடிப்பது என்று ஒவ்வொரு நடைக்கும் இரண்டு பக்கம். பச்சை மட்டை, ஈர வாசம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு எவ்வளவோ முன்னர் அச்சடித்தது. மகள் அதைக் கண்டதும் மூக்கைச் சுளித்தாள். "அம்மா, திஸ் இஸ் ஏன்ஷியன்ட். நெட்ல மேப் இருக்கு." நான் விடவில்லை. "பாதை என்ன, எழும்பி ஓடியே போகப் போகுது? எழுதினது எழுதினதுதான்" என்றேன். எங்கள் ஆட்களுக்கு அச்சில் ஏறியதன்மேல் அப்படி ஒரு விசுவாசம்.

அந்தப் புத்தகத்தை நாங்கள் வாசித்த விதத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணப் படிப்பு நடக்கும்போது இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு இழுத்து வாசித்து நிறுத்துவார். மற்றவர் அதன் கருத்தை வசனத்தில் விரித்துச் சொல்வார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். என் கணவர் இளந்தாரியாக இருந்தபோது வாசிக்கிறவர். நல்ல குரல், கணீரென்று. ஜேர்மனியில் ஒரு பழைய களஞ்சியத்தைக் கோயிலாக்கியபோது அங்கேயும் வாசித்தார். லண்டனிலும் வாசிக்கக் கூப்பிடுவார்கள். பயன் சொல்வது எப்போதும் ஆண்கள்தான். என் அப்பா சொல்லுவார், நான் தூணோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவருக்கு வசனம் தட்டும் இடங்களில் எனக்கு வாய் துறுதுறுக்கும். பெண் பிள்ளை வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

கோயிலில் கிடைக்காத வேலை எனக்கு லண்டனுக்குத் தெற்கே சரே வயல்களில் கிடைத்தது. முதலாம் தடவை என் கணவர் விளையாட்டாகத்தான் தொடங்கினார். ஒரு வேலிக்கருகே நின்று, புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "கீப் ரு த லெஃப்ற் ஒவ் த ஹெட்ஜ்" என்ற வரியை இராகம் போட்டு இழுத்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். "அஃதாவது, பச்சைப் பசேலென்ற வேலியானது வலக்கைப் பக்கம் தொடர்ந்து வர, அடியார்கள் இருவரும் சேறென்றும் பாராமல், முள்ளென்றும் பாராமல் இடப்பக்கமாக நடந்து செல்லுகின்றனர்" என்றேன். எட்ட நின்ற மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. ஒவ்வொரு வயல் கேற்றிலும் அவர் வாசிப்பார், நான் பயன் சொல்வேன். எங்கள் கல்யாணத்தில் எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன். ஒருவரும் கேட்பதில்லை.

எல்லாக் காலத்திலும் நடந்தாலும் எனக்குப் பிடித்தது இலையுதிர் காலம்தான். கோடையில் வெயிலை வீணாக்கக் கூடாது என்று இந்த நாடு ஆட்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். இலை பழுக்கத் தொடங்கினால் அந்தத் துரத்தல் நின்றுவிடும். நேரத்தோடு இருட்டும், நேரத்தோடு திரைச்சீலையை இழுத்துவிட்டுப் புத்தகத்தோடு படுத்தால் சோம்பேறி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். காட்டுக்குள் ஈர இலை வாசம் பழைய புத்தகத்தின் வாசம் போலவே இருக்கும். பன்னச்செடிகள் துருப்பிடித்து நிற்கும். கஷ்கொட்டைகள் முள்ளுக் கோதோடு காலடியில் கிடக்கும். சப்பாத்தால் மிதித்து, கோதை நீக்கி, பையை நிரப்பிக்கொண்டு வந்து வீட்டில் கடலையை மணலில் வறுப்பது போல வறுத்துத் தின்போம். எவ்வளவு களைத்துப் போன கிழமையாக இருந்தாலும் பீச் மரங்களுக்குக் கீழே செம்பு நிறத்தில் நிற்கும்போது எனக்கு ஒரு பெருமூச்சு வரும். அது நல்ல பெருமூச்சு.

என் கணவரின் தம்பிக்கும் இந்த இலைக் கதையில் ஒரு பங்கு உண்டு. வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். கல்யாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போனபிறகு என் கணவருக்கு ஊரில் இரத்த உறவென்று இருந்தது அவர் மட்டும்தான். பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலத்தைப் பற்றி 'ஓற்றம்' என்று ஒரு ஆங்கிலப் பாடம் இருந்ததாம். "அண்ணி, நான் ஒருநாளும் காணாத சாமானைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். பச்சை இலை என்னெண்டு ஒரேயடியாச் சிவக்கும் எண்டு கேக்கிறாங்கள். என்ன சிவப்பு எண்டு சொல்லுங்கோ. மிளகாய்ப்பழச் சிவப்போ, செங்கல்லுச் சிவப்போ?" என்று தொலைபேசியில் என்னைக் குடைவார். வீட்டில் போன் கிடையாது. கடைக்குப் போய், வரிசையில் நின்று எடுப்பார். ஒவ்வொரு ஒக்டோபரும் அந்தப் பாடம் வரும்போது ஒரு அழைப்பு வரும். எடுத்த எடுப்பில், "அண்ணை, இலை விழுந்திட்டுதோ?" என்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இவரும் "விழுந்திட்டுதடா" என்றோ "இன்னும் இல்லையடா, பொறு" என்றோ சொல்வார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட மிச்சமெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது.

சண்டையின் கடைசி மாதங்களில் அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாங்களும் எல்லோரையும் போல லண்டன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம், தொண்டை கிழியக் கத்தினோம், வந்து படுத்தோம். எல்லாம் முடிந்து சில கிழமைக்குப் பிறகு ஒருவர் அழைத்தார். தம்பியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், முகாமிலிருந்து எப்படியோ வெளியே வந்தவர். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "அண்ணை, மனதைத் தேத்திக்கொள்ளுங்கோ. நான் கண்ணாலை கண்டனான். நானும் இன்னொருத்தருமாத்தான் மண் போட்டு மூடினனாங்கள்" என்று அழுதார். இவர் "ம்" என்றார். நன்றி என்றார். போனை வைத்தார்.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் தலையில் தண்ணீர் ஊற்றி முழுகுவது எங்கள் வழக்கம். முழுகிய பிறகுதான் அழுகை, துடக்கென்ற தீட்டு, எட்டாம் நாள், அந்தியேட்டிச் சடங்கு எல்லாம். நான் எழும்பிப் போய்ச் சுடுதண்ணீர் போட்டு, துவாயை எடுத்து வைத்தேன். "முழுகிப்போட்டு வாங்கோப்பா" என்றேன்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார். "உயிரோடை இருக்கிறவனுக்கு என்னை முழுகச் சொல்லுறீரோ? அந்த மனிசன் ஆரையோ கண்டிட்டுச் சொல்லுது. அந்தக் குழப்பத்துக்கை ஆர் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? ஒக்டோபர் வரட்டும். இலை விழுந்திட்டுதோ எண்டு கேட்டு எடுப்பான். அப்ப உம்மடை மூஞ்சையைப் பாப்பம்."

அவ்வளவுதான். அந்தத் துவாய் அப்படியே திரும்ப அலுமாரிக்குப் போனது. அவர் முழுகாமல் நான் எப்படி முழுகுவது? அவர் அழாமல் நான் எப்படி அழுவது? தம்பி எனக்கும் பிள்ளை போலத்தான். மிளகாய்ப்பழச் சிவப்போ செங்கல்லுச் சிவப்போ என்று கேட்ட குரல் சமையலறையில் பெரிய சட்டியைத் தேய்க்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கும். எனக்குக் கோபம் வந்தது. துக்கத்தைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டு இல்லை என்று சாதிக்கிற ஆளோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது? தூக்கம் வந்தாலும் களைப்புப் போகவில்லை. காலையில் எழும்பும்போதே பின்னேரம் போல இருக்கும்.

நான் வாய் திறக்காமல் மரக்கறி மட்டும் சமைத்தேன். துடக்கு வீட்டில் மச்ச மாமிசம் ஆகாது. அவருக்கு அது விளங்கியது. வேலை முடிந்து வரும்போது கடையில் ஆட்டிறைச்சி றோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் இருந்து தின்பார். ருசித்துத் தின்றால் பரவாயில்லை. மருந்து விழுங்குவது போல விழுங்குவார். துடக்குக்காரர் கோயிலுக்குப் போகக் கூடாது என்பதால் தேர்த் திருவிழாவுக்கும் வேண்டுமென்றே போனார். நான் கால் நோகிறது என்று வீட்டில் நின்றுவிட்டேன். அங்கே புராணம் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். போய் இருந்து ஏட்டை விரித்திருக்கிறார். குரல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாராம். வரவேயில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தார். இதை எனக்குச் சொன்னது அவரில்லை, தமிழ்க்கடைக்காரர்தான்.

அதன்பிறகு நடைப்புத்தகத்தையும் அவர் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போவது மட்டும் நிற்கவில்லை. நான் முன்னால் புத்தகத்தோடு போவேன், எனக்குள்ளேயே வாசித்துக்கொள்வேன், கையைக் காட்டுவேன். அவர் பின்னால் வருவார். இராகமும் இல்லை, பயனும் இல்லை. மாடுகள்கூட எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செப்டெம்பர் போனது. ஒக்டோபர் வந்தது. வீட்டில் போன் அடித்தால் அவருடைய கண் முதலில் யன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்துக்குப் போகும், பிறகுதான் போனுக்கு வரும். எடுத்தால் வெளியூரில் தங்கிப் படிக்கிற மகளாக இருக்கும். இல்லையென்றால் குளியலறைக்கு ரைல்ஸ் பதிக்க எப்போது வருவீர்கள் என்று கேட்கிற யாராவது.

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று, புத்தகத்தில் கடைசியாக இருந்த நடைக்குப் போனோம். நீளம் என்று அதுவரை தள்ளிப் போட்டிருந்த நடை. நோர்பரியில் ஏறி, கிழக்குக் குறொய்டனில் மாறி, ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். எங்களோடு இறங்கியவர் எவருமில்லை. நல்ல நாள், வெயில் பனங்கட்டி நிறத்தில் சரிந்து கிடந்தது. வயலோரம் ஏறி, தேவாலயத்துக்குப் பின்னால் போய், காட்டுக்குள் நுழைந்தோம். எனக்கு அந்த ஆண்டு எதுவுமே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காடு பிடித்தது. மேலே பாதி இலை, கீழே பாதி இலை. காற்று வந்தால் மேலே இருப்பது ஆறுதலாக இறங்கி வரும். அதைப் பார்த்ததற்கே எனக்குக் குற்றம் செய்தது போல இருந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து வந்துகொண்டிருந்தார். மரங்களின் பக்கம் பார்க்கவேயில்லை.

'பாதை இறங்கிப் போய் ஒரு மிகப் பெரிய பீச் மரத்தை அடையும், அந்த மரத்திலிருந்து வலப்பக்கம் திரும்பிக் காட்டின் ஓரத்துக்கு வரலாம்' என்று புத்தகம் சொன்னது. நாங்கள் இறங்கினோம். பீச் மரங்கள் நிறைய நின்றன, மிகப் பெரியதென்று சொல்ல ஒன்றும் இல்லை. பாதை இருந்ததா என்றும் தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் வருகிற தொல்லை அது. எங்கும் ஒரே மாதிரி இலை விரித்துக் கிடக்கும், எது பாதை எது காடு என்று நிலத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது.

"வந்த வழியாலையே திரும்பிப் போவமப்பா. நேரத்தோடை இருட்டப் போகுது" என்றேன்.

"மரம் இருக்கும்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"எங்கை இருக்கு? கண்ணுக்குத் தெரியேல்லையே."

"எழுதியிருக்கெல்லோ? எழுதினது எழுதினதுதான் எண்டு நீர்தானே சொன்னனீர். நான் பாத்திட்டு வாறன். நீர் இதிலை இரும்."

போனார். பாசி பிடித்த ஒரு மேட்டில் நான் இருந்தேன். அவர் மரங்களுக்கிடையில் போவதும், நிற்பதும், நிமிர்ந்து பார்ப்பதும், திரும்பி வேறு பக்கம் போவதுமாக இருந்தார். ஒவ்வொரு மரமாகக் கையால் தட்டிப் பார்த்தார். முழங்கால் நோக்காரர், சரிவில் விழுந்து விழுந்து எழும்பினார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பையைத் திறந்து தேநீர் ஊற்றினேன். அதற்குள் அவருடைய றோல்ஸ் கடதாசிப் பையோடு இருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு அலுப்பாக இருந்தது. இந்த மனிதனை இனி என்ன செய்வது என்று நினைத்தேன். எவ்வளவு காலத்துக்கு இப்படியே பின்னாலும் முன்னாலும் நடப்பது என்று நினைத்தேன்.

அப்போது ஒரு வயதான வெள்ளைக்கார மனுஷி நாயோடு வந்தாள். வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டாள். நான் புத்தகத்தைக் காட்டி அந்தப் பெரிய மரம் எங்கே என்று கேட்டேன். மட்டையைப் பார்த்ததும் சிரித்தாள். தன் வீட்டிலும் இதே புத்தகம் இருந்ததாம். அந்த மரம் போய்விட்டதே, என்றாள். எவ்வளவோ காலத்துக்கு முன் வந்த பெரும்புயலில் விழுந்துவிட்டது, விடிந்ததும் தானும் கணவனும் வந்து பார்த்தோம், பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது, தன் கணவன் அழுதே விட்டான் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, நீங்கள் இருப்பதே அதன் அடிக்கட்டையில்தான், என்றாள். நான் துள்ளி எழும்பினேன். பரவாயில்லை, இருங்கள், என்று தோளில் தட்டிவிட்டு, வலப்பக்கம் போகும் வழியையும் காட்டிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

இவர் எட்டத்தில் நின்றார். அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. மரம் இல்லை என்று இனி நான்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பயம் பிடித்தது. ஒரு மரத்தைப் பற்றிச் சொல்வதற்கு இவ்வளவு பயமா என்று நீங்கள் கேட்கலாம். துவாயை எடுத்து வைத்துவிட்டு அவர் முன்னால் நின்றவளுக்குத்தான் அது தெரியும்.

களைத்து வந்தார். முழங்கால் இரண்டிலும் சேறு. "தாரும் புத்தகத்தை" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை வாய்க்குள் வாசித்தார். நம்பாதவர் போலத் திரும்பவும் வாசித்தார், இம்முறை சத்தமாக. மூன்றாம் தடவை புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தியபோது, அவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லை, குரல் எழும்பிவிட்டது. கரகரத்த குரல். "அன்ரில் யூ ரீச் எ வெரி லார்ஜ் பீச்" என்று பழைய இராகத்தில் இழுத்து, முடிவில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, பழக்கதோஷம், என்னைப் பார்த்தார்.

பயன் சொல்ல வேண்டிய முறை என்னுடையது. அஃதாவது என்று தொடங்க வாய் வரவில்லை.

"அந்த மரம் இருந்தது" என்றேன். "இந்தப் புத்தகம் எழுதேக்கை இருந்தது. இப்ப இல்லை. புயலிலை விழுந்திட்டுதாம். இதுதான் அதின்ரை அடிக்கட்டை. இப்ப ஒரு மனிசி நாயோடை வந்து சொல்லிப்போட்டுப் போறா."

"அவவுக்கு என்னெண்டு தெரியும்?"

"கண்ணாலை கண்டவவாம்."

அவர் அடிக்கட்டையைப் பார்த்தார். மேலே அது இருந்திருக்க வேண்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கே வானம் மட்டும்தான் இருந்தது. பிறகு புத்தகத்தை மூடி என்னிடம் தந்துவிட்டு, என் பக்கத்தில் மெல்ல இருந்தார். ரைல்ஸ் மட்டம் பார்க்கிற கையால் அந்தப் பாசியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கண்ட ஆக்கள் சொன்னா நம்பத்தானே வேணும்" என்றார்.

அதற்குமேல் ஒரு சொல் கூடச் சொன்னால் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரிந்தது.

"போன் எடுத்த அந்த மனிசனும் கண்டனான் எண்டுதானே சொன்னவன்" என்றார். "மண் போட்டு மூடினதெண்டும் சொன்னவனெல்லே?"

"ஓமப்பா."

அவருடைய தலையிலும் தோளிலும் இலைகள் விழுந்தன, தட்டிவிடவில்லை. நானும் தட்டிவிடவில்லை. கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"எழும்பும்" என்றார். "வீட்டை போய் முழுகவேணும்."

ஸ்டேஷன்வரை அவர்தான் முன்னால் நடந்தார். பிளாற்ஃபோமில் பையைத் திறந்து, றோல்ஸை எடுத்து, குப்பைத் தொட்டிக்குள் போட்டார். ரயிலில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, யன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்த மரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. முழுகட்டும், பிறகு அழலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர் போட்டேன். அலுமாரிக்குள் இருந்த அதே துவாயை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் தலையில் விழுகிற சத்தம் கேட்டது. நான் மாடிப்படியில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே அவருடைய குரலும் கேட்டது. போனில் பேசுகிற மாதிரி, கொஞ்சம் உரத்த குரல்.

"ஓமடா தம்பி, விழுந்திட்டுது. எல்லாம் விழுந்திட்டுதடா."

நான் என்னுடைய துவாயையும் எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றேன். எனக்கும் முழுக வேண்டியிருந்தது.